எட்டு மார்க் கேள்வி

தம்பி இல்லக்கா, எங்கப்பா. உள்ள பரீட்சை எழுதிக்கிட்டு இருக்கிறது எங்கப்பா. பெத்துராஜ்னு பேரு, நாப்பத்தாறு வயசு. சிரிப்பு வந்தா சிரிச்சிருங்க, பரவாயில்ல. கேட்டுல நின்ன வாட்ச்மேனும் சிரிக்கத்தான் செஞ்சாரு.

எனக்குச் சிரிப்பு வரலக்கா, எரிச்சல்தான் வருது. ஹால் டிக்கெட்டை டிவி மேல வச்சிட்டு, அவரு பாட்டுக்கு ஏழு மணி பஸ்ஸுல ஏறி வந்துட்டாரு. நான் ஸ்கூலுக்குக் கிளம்பிக்கிட்டு இருக்கேன், டிவி மேல வெள்ளையா ஒரு பேப்பரு. எடுத்துப் பார்த்தா அவரு போட்டோ என்னையப் பார்த்து முழிக்குது. அப்புறம் எங்க ஸ்கூலுக்குப் போக? அடுத்த பஸ்ஸப் பிடிச்சு, ஸ்டாண்டுல இருந்து இம்புட்டுத் தூரம் ஓடியாந்தேன். பரீட்சைக்குப் பத்தே நிமிஷம் இருக்கு. அவரு என்ன பண்ணிக்கிட்டு இருந்தாருன்னு நினைக்கிறீங்க? அந்தா அந்தப் புங்க மரத்தடியில உக்காந்து புஸ்தகம் படிச்சுக்கிட்டு இருந்தாரு. ஹால் டிக்கெட் கையில இல்லைங்கிறதே அவருக்குத் தெரியல.

உங்க பையனுக்கும் தமிழ்தானா? எத்தனை? முப்பத்திரண்டா! அய்யோ, மூணே மார்க்கு. எங்கப்பா இருபத்தொன்பது. மத்த எல்லாத்துலயும் பாஸ்க்கா. கணக்குல சரியா முப்பத்தஞ்சு, இங்கிலீஷ்ல நாப்பத்தொண்ணு, அறிவியலும் சமூக அறிவியலும் அம்பதுக்கு மேல. தமிழ்லதான் போச்சு. தினமும் பேப்பரை முதப் பக்கத்துல இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் ஒரு எழுத்து விடாமப் படிக்கிற மனுஷன். வடை கட்டிக் குடுத்த தாளைக் கூட எண்ணெயைத் தொடச்சுட்டுப் படிப்பாரு. அவரு தமிழ்ல பெயிலு.

நானா? தொண்ணூத்தேழு. அதே மார்ச் பரீட்சைதான், அதே கேள்வித்தாள்தான். அவரு தனித்தேர்வரா வேற சென்டர்ல எழுதுனாரு, நான் எங்க ஸ்கூல்ல எழுதுனேன். ரிசல்ட் வந்த அன்னைக்கு எங்க வீட்டுல எனக்கு லட்டு வாங்கணுமா, அவருக்கு ஆறுதல் சொல்லணுமான்னு தெரியாம எங்கம்மா வாசல்லயே நின்னாங்க. என் தொண்ணூத்தேழை ஒருத்தரும் ஒழுங்காக் கொண்டாடல. அதுல ஆரம்பிச்சதுதான் என் வயித்தெரிச்சல்.

இல்லக்கா, அதுக்கும் முன்னாடியே ஆரம்பிச்சிருச்சு. போன வருஷம் ஜூன்ல.

எங்கப்பா ஒரு ஆபீஸ்ல உதவியாளரா இருக்காரு. இருபத்தோரு வருஷமா. பெல் அடிச்சா உள்ள போகணும், பைல் தூக்கணும், டீ வாங்கியாரணும். ஒன்பதாவதோட நிறுத்திட்டாரு. பத்தாவது மட்டும் பாஸ் பண்ணியிருந்தா என்னைக்கோ ரெக்கார்டு கிளார்க் ஆகியிருப்பாரு, தனி நாற்காலி இருந்திருக்கும். அவரு கவலப்படல. போன வருஷம் அந்த ஆபீஸ்ல ஒரு பேச்சு வந்துச்சு. இந்த வருஷம் டிசம்பர்ல அந்த ரெக்கார்டு கிளார்க் இடம் காலியாகுதாம். எங்கப்பாவுக்கு இல்லைன்னா ஜெகன்னு ஒருத்தருக்கு. அவரு வேலைக்கு வந்தே ஆறு வருஷம்தான். எங்கப்பாதான் அவருக்கு எந்த பைல் எந்த அலமாரியில இருக்குன்னு சொல்லிக் குடுத்தாரு. ஆனா அவரு பத்தாவது பாஸு. நாளைக்கு அந்த ஜெகன் பெல் அடிப்பாரு, எங்கப்பா எந்திரிச்சுப் போகணும். அதை நினைச்சா எங்கம்மாவுக்குச் சோறு இறங்கல.

எங்கம்மாதான் சொன்னாங்க. "நம்ம பவதாரிணி பத்தாவது போறா. ஒரே புஸ்தகத்துல ரெண்டு பேரும் படிச்சு எழுதிருங்க." எம்புட்டு லேசாச் சொல்லிட்டாங்க பாருங்க. ஒரே புஸ்தகத்துல!

எங்க வீடு ஒரு ஹாலு, ஒரு அடுப்படி. அம்மா காலண்டர் பைண்டிங் வேலைக்குப் போயிட்டு வந்து அடுப்படியில நிப்பாங்க. ஹால்ல நான் ஒரு மூலை, அப்பா ஒரு மூலை. ஒரு ஃபேனு. நான் சத்தமாப் படிச்சாத்தான் மனசுல நிக்கும். அவரு வாய்க்குள்ளயே படிப்பாரு. படிச்சுக்கிட்டு இருக்கும்போதே திடீர்னு கேப்பாரு: "பாப்பா, இந்தப் பாட்டுல மழையில நனைஞ்சு வந்தவனுக்குக் கஞ்சி குடுத்தாங்கன்னு இருக்கே, அதுக்கப்புறம் அவனுக்குத் துணி மாத்தக் குடுத்தாங்களா?"

நான் சொல்லுவேன், "அப்பா, அதெல்லாம் கேக்க மாட்டாங்க."

"கேக்க மாட்டாங்க சரி. குடுத்தாங்களா இல்லையா?"

இப்படி ஒரு மனுஷன் பக்கத்துல உக்காந்தா எப்படிக்கா படிக்க? ஒரு நாள் என் தமிழ்ப் புஸ்தகத்தை ஆபீஸுக்குக் கொண்டு போயிட்டாரு. தமிழ் மிஸ் என்னைய ஒரு பீரியட் முழுக்க நிக்க வச்சாங்க. சாயங்காலம் வந்து, "சாப்பாட்டு நேரத்துல ஒரு பாடம் முடிச்சிட்டேன் பாப்பா"ன்னு சந்தோசமாச் சொல்றாரு. நான் புஸ்தகத்தைப் பிடுங்கிக்கிட்டேன். அப்புறம் எங்கிட்டோ பழைய புஸ்தகம் ஒண்ணு வாங்கி, அட்டை போட்டு வச்சுக்கிட்டாரு.

பரீட்சைக்குப் படிக்க ஒரு முறை இருக்குக்கா. நான் அவருக்குத் தலையா அடிச்சுக்கிட்டுச் சொன்னேன். எட்டு மார்க் கேள்விக்கு முன்னுரை நாலு வரி. ஏழு உட்தலைப்பு, ஒவ்வொண்ணுக்கும் கீழ நாலு வரி. உட்தலைப்புக்கு அடியில ஸ்கேல் வச்சுக் கோடு போடணும். அப்புறம் முடிவுரை. எல்லாம் நோட்ஸ்லயே இருக்கு. புஸ்தகத்துல இருக்கிற கதையைத் தொடவே வேண்டாம். கதையைப் படிச்சா குழம்பிரும். நான் பத்தாவது முழுக்க ஒரு கதையைக் கூடப் படிச்சதில்ல. எதுக்குப் படிக்கணும்? எங்க ஸ்கூல்ல லைப்ரரி பீரியட்னு ஒண்ணு டைம்டேபிள்ல இருக்கும், அந்த நேரத்துல கணக்கு சார் வந்துருவாரு. புஸ்தகம் எல்லாம் கண்ணாடி பீரோவுக்குள்ள பூட்டியிருக்கும். அதுக்காக நாங்க யாராவது பெயிலாயிட்டோமா?

இவரு கேக்கலக்கா. நோட்ஸை வாங்கி மடிச்சு வச்சிட்டு, கதையைப் படிப்பாரு. ஒரே கதையை ரெண்டு தடவ, மூணு தடவ.

அதோட விட்டாலும் பரவாயில்ல. தனியா எழுதுறவங்களுக்கு அறிவியல் செய்முறை வகுப்பு உண்டுல்ல, அதை எங்க ஸ்கூல்லயே போட்டுட்டாங்க. சனிக்கிழமை சனிக்கிழமை. எனக்கும் அன்னைக்கு ஸ்பெஷல் கிளாஸு. ஒரே பஸ்ஸுல ரெண்டு பேரும் போனோம், மூணு வாரம். மூணாவது வாரம் எங்க செட்டுப் பிள்ளைக லேப் பக்கமாத் தண்ணி குடிக்கப் போனோம். ஜன்னல் வழியா ஷாமினி எட்டிப் பார்த்துட்டு, "ஏய், சின்னப் பசங்களுக்கு நடுவுல ஒரு பெரிய ஆளு உக்காந்து டெஸ்ட் டியூப் பிடிச்சுக்கிட்டு இருந்தாருடி, இப்போ காணோம். அவரு உன்கூடத்தான பஸ்ஸுல இறங்குனாரு, யாரு?"ன்னு கேட்டா. நாலு பேரும் என்னையே பார்க்குறாங்க. நான் என்ன சொல்ல? "எங்க தெருக்காரரு"ன்னேன்.

தப்பா சொன்னேனா? எங்க தெருவுலதான இருக்காரு. அந்த நேரத்துக்கு அதான் வாயில வந்துச்சு. திரும்புறேன், பைப் பக்கத்துல அவரு குனிஞ்சு டெஸ்ட் டியூப் கழுவிக்கிட்டு இருக்காரு. தண்ணி கொட்டுற சத்தத்துல அவருக்குக் கேட்டிருக்காதுக்கா. கேட்டிருந்தா வீட்டுக்கு வந்து ஏதாவது சொல்லியிருப்பாருல்ல? ஒண்ணுமே சொல்லல. அந்த வாரம் முழுக்க எப்பவும் போலத்தான் இருந்தாரு. வெள்ளிக்கிழமை மட்டும், "பாப்பா, நாளைக்கு நீ எட்டு மணி பஸ்ஸுல போயிரு. நான் எட்டரைக்கு வாரேன், ஆபீஸ்ல ஒரு சோலி இருக்கு"ன்னாரு. அதுக்கப்புறம் எல்லாச் சனிக்கிழமையும் ஆபீஸ்ல சோலிதான். ஸ்கூல்ல எதுக்க வந்தாக் கூட நோட்டீஸ் போர்டைப் படிக்கிற மாதிரி நின்னுக்குவாரு. எனக்கும் அது சவுகரியமாப் போச்சு.

அந்தச் சமயத்துலதான் இந்தக் கதையைப் பிடிச்சாரு. இந்தக் கதைதான் எங்க குடும்பத்துக்கு வந்த சனியன். தமிழ்ப் புஸ்தகத்துல விரிவானம்னு கதைக இருக்கும்ல, அதுல மூணாவது. பொன்னுத்தாய்னு ஒரு அம்மா, மாணவியர் விடுதியில சமையல் வேலை. அவங்க மக மலரு ஆறாவதுல அதே விடுதியில வந்து சேருது. அம்மா பந்தியில மகளுக்கு மட்டும் ஒரு முட்டை கூடுதலா வச்சிருறாங்க. பிள்ளைக, "சமையக்கார அம்மா ஒனக்கு என்னடி வேணும்?"னு கேக்க, மலரு "எங்க ஊர்க்காரங்க"ன்னு சொல்லிருது. அதை அந்த அம்மா கதவுக்குப் பின்னாடி இருந்து கேட்டுடுறாங்க. மறுநாள்ல இருந்து மகளுக்கும் எல்லாரையும் போலவே அளந்து வைக்கிறாங்க. அம்புட்டுதான். நோட்ஸ்ல 'கதைச் சுருக்கம்'னு போட்டு இம்புட்டுதான் இருக்கும். கேள்வி எப்பவும் ஒண்ணுதான்: பொன்னுத்தாயின் பாத்திரப் படைப்பை விவரி. உழைப்பு, பொறுமை, தாய்மை, தியாகம், தன்மானம், மௌனம், பெருந்தன்மை. ஏழு. கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம், எங்கம்மா கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருக்காங்க. இவரு அந்தக் கதையை அவங்களுக்கு வாசிச்சுக் காட்டுறாரு. நான் அந்தப் பக்கம் உக்காந்து அதே கதைக்கு உழைப்பு, பொறுமை, தாய்மைன்னு மனப்பாடம் பண்ணிக்கிட்டு இருக்கேன். வாசிச்சுக்கிட்டே வந்தவருக்குத் திடீர்னு குரல் நின்னு போச்சு. நிமிர்ந்து பார்த்தா கண்ணு ரெண்டும் செவந்திருக்கு. எங்கம்மா கீரையைக் கீழ வச்சிட்டாங்க.

"பாப்பா, அந்த மலரைப் பத்திக் கேக்க மாட்டாங்களா?"ன்னாரு.

"மாட்டாங்க. அம்மாவைப் பத்தி மட்டும்தான்."

"அந்தப் பிள்ளைக்கும் சொல்றதுக்கு ஏதாச்சும் இருக்கும்ல?"

"அப்பா, நோட்ஸ்ல அதுக்குப் பாயிண்டே கிடையாது. நீங்க தியாகத்தைப் படிங்க"ன்னு சொல்லிட்டு நான் காதைப் பொத்திக்கிட்டேன்.

மார்ச்சுல அதே கேள்வி வந்துச்சுக்கா. நான் சொன்னபடியே, ஒரு எழுத்து மாறாம. ஹால்ல உக்காந்து எனக்கு என்ன சந்தோசம் தெரியுமா? அப்பா பாஸ்னு நினைச்சேன். ஏழு உட்தலைப்பும் கோடு போட்டு எழுதி முடிச்சிட்டேன். வீட்டுக்கு வந்து, "அப்பா, பொன்னுத்தாய் எழுதுனீங்களா?"ன்னேன். "எழுதுனேன் பாப்பா. அதைத்தான் முதல்ல எழுதுனேன்"ன்னாரு. முகமெல்லாம் அப்படி ஒரு தெளிச்சி. நானும் நம்பிட்டேன்.

ரிசல்ட் வந்துச்சு, இருபத்தொன்பது. என்னால நம்ப முடியல. நான்தான் விடைத்தாள் நகலுக்கு எழுதிப் போட்டேன். வந்ததும் பிரிச்சுப் பார்த்தா, அந்த ஒரு கேள்விக்கு அஞ்சு பக்கம். அஞ்சு பக்கம்க்கா! பாதி நேரத்தை அதுலயே விட்டிருக்காரு. ஒருவார்த்தை வினா நாலு எழுதல. மனப்பாடப் பாட்டு எழுதல. கடிதம் பாதியில நிக்குது, "இப்படிக்கு" கூட இல்ல. அந்த அஞ்சு பக்கத்துல முன்னுரை கிடையாது, உட்தலைப்பு கிடையாது, ஒரு கோடு கிடையாது. அந்த அம்மாவைப் பத்திக் கேட்டா, இவரு முழுக்க அந்தப் பிள்ளையைப் பத்தி எழுதி வச்சிருக்காரு. எட்டுக்கு ஒண்ணரை போட்டிருந்தாங்க. அதுவே தர்மத்துக்குப் போட்டது.

பாயிண்ட் ஏதாவது தேறுமா, மறுமதிப்பீட்டுக்குப் போடலாமான்னு பார்க்கத்தான் நான் அதைப் படிச்சேன். இருங்க, பைக்குள்ளயே கிடக்கு, நீங்களே பாருங்க. கையெழுத்து நல்லாத்தான் இருக்கும். இந்த இடத்துல இருந்து. சரி, நானே வாசிக்கிறேன்.

"மலர் கெட்ட பிள்ளை இல்லை. ஊர்க்காரங்க என்று அவள் சொன்னது பொய்யும் இல்லை. அம்மாவும் அதே ஊர்தானே. நாலு பேர் சுற்றி நின்று கேட்டால் பதினோரு வயதுப் பிள்ளைக்கு வாயில் எது வருகிறதோ அதுதான் வரும். அதைக் கேட்ட பொன்னுத்தாய்க்கு மகள் மேல் கோபம் வரவில்லை. தன் கரண்டி மேல்தான் கோபம் வந்தது. நாம் ஒரு முட்டை அதிகமாக வைத்ததால்தானே பிள்ளையை அப்படி ஒரு கேள்வி கேட்டார்கள் என்று நினைத்தாள். பெற்றவர்கள் கொஞ்சம் தள்ளி நின்றால் பிள்ளைக்கு நடக்க இடம் கிடைக்கும். அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. வருத்தம் என்றால் ஒன்றே ஒன்றுதான். மலர் அன்று ராத்திரி சாப்பிட்டாளா இல்லையா என்று கதையில் எழுதவில்லை."

இதுக்கு எந்தப் பாயிண்ட்ல மார்க் போடுவாங்க? சொல்லுங்க. எங்க தமிழ் மிஸ்கிட்டயும் கொண்டு போய்க் காட்டுனேன். ரெண்டு தடவ படிச்சாங்க. "கரண்டி மேல கோபம்னு கதையில எங்கயும் இல்லையே"ன்னாங்க. அப்புறம், "ஒங்கப்பாவா எழுதுனாரு?"ன்னு கேட்டாங்க. ஆமாங்கவும் மறுபடியும் அந்தத் தாளைப் புரட்டுனாங்க. "பவதாரிணி, நீ இந்தக் கதையைப் படிச்சியாம்மா?"ன்னாங்க. "தொண்ணூத்தேழு வாங்கியிருக்கேனே மிஸ்"னேன். நான் எங்கப்பா மார்க்கைப் பத்திக் கேக்கப் போனா அவங்க என்னையக் கேக்குறாங்க.

வீட்டுக்கு வந்து அவரு முன்னால அந்தத் தாளைப் போட்டு நல்லாக் கத்திட்டேன். "நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல? கேட்டது அம்மாவைப் பத்தி. அந்தப் பிள்ளைக்கு வக்கீலாப் போகச் சொன்னாங்களா ஒங்கள? ஜெகன் பெல் அடிக்கும்போது இந்த அஞ்சு பக்கத்தையும் கொண்டு போய்க் காட்டுங்க"ன்னேன். எங்கம்மா என் கையைப் பிடிச்சு இழுத்தாங்க. அவரு கோபப்படல. தாளை நாலா மடிச்சு எங்கிட்டயே குடுத்துட்டு, "தெரியும் பாப்பா, தப்புன்னு தெரியும். எழுத ஆரம்பிச்சேன், நிறுத்த முடியல. இனிமே நீ சொன்னபடியே எழுதுறேன்"ன்னாரு.

அப்புறம் ரெண்டு மாசம் நான்தான் அவருக்கு டீச்சரு. காலையில அஞ்சரைக்கு எழுப்பி விடுவேன். ஏழு பாயிண்ட்டும் வரிசையாச் சொல்லச் சொல்லுவேன். பெருந்தன்மைக்கு முன்னாடி மௌனம் வரணும், அவரு மாத்திச் சொல்லுவாரு, மறுபடியும் முதல்ல இருந்து. கதைப் பக்கத்தை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிட்டேன், பிரிக்கவே கூடாதுன்னு. ஸ்கேல் வாங்கிக் குடுத்தேன். ஒரு கேள்வியும் கேக்காமப் படிச்சாரு. வீடே அமைதியாப் போச்சு.

நேத்து நானும் வாரேன்னு சொன்னேன். "நீ எதுக்கு பாப்பா? ஒங்கூடப் படிச்ச பிள்ளைக யாராச்சும் எழுத வந்திருப்பாக, வேண்டாம்"ன்னுட்டாரு. எங்க செட்டுல ஒருத்தரும் பெயில் இல்லக்கா! அது கூடத் தெரியல. நான் வந்திருந்தா ஹால் டிக்கெட்டை எடுத்து வச்சிருப்பேனா மாட்டேனா? இப்போ பாருங்க, வாட்ச்மேன் "யாருக்கும்மா?"ங்கிறாரு, "எங்கப்பாவுக்கு"ங்கிறேன். "அண்ணனுக்கா?"ங்கிறாரு. "அப்பாவுக்கு! எங்கப்பாவுக்கு!"ன்னு நான் கத்துன கத்துல இந்தத் தெருவே திரும்பிப் பார்த்துச்சு. அவரு மட்டும் திரும்பல. படிச்சுக்கிட்டு இருந்தாரு. கிட்டப் போய்ப் பார்த்தா, நான் போட்ட ரப்பர் பேண்டைக் கழட்டிக் கையில மாட்டியிருக்காரு.

மணி அடிச்சிருச்சு. உங்க பையன் எந்தச் சட்டை? அந்தா, அந்தக் கதவு வழியாத்தான் வருவாங்க. எங்கப்பா நடு வகிடு எடுத்து... ம், வந்துட்டாரு. அப்பா! அப்பா, இங்க! இந்தப் பக்கம்.

எழுதுனீங்களா? எல்லாமா? ஒருவார்த்தை வினா பதினஞ்சும்? பாட்டு? கடிதத்துல "இப்படிக்கு" போட்டீங்களா? சரி, சரி. எட்டு மார்க்கு என்ன வந்துச்சு? அதேவா? அக்கா, அதே கேள்விதான் வந்திருக்கு, பொன்னுத்தாய்! ஏழும் எழுதுனீங்களா? கோடு போட்டீங்களா? மௌனம் முன்னாடியா, பெருந்தன்மை முன்னாடியா? அப்பாடா. அப்போ பாஸ்தான். அக்கா, எங்கப்பா பாஸு.

நேரம் இருந்துச்சாப்பா? எம்புட்டு? இருபது நிமிஷமா? இருபது நிமிஷம் என்ன பண்ணீங்க? சும்மாவா உக்காந்திருந்தீங்க?

மலரைப் பத்தி எழுதலையா?

இல்ல, கடைசியில, முடிவுரைக்கு அப்புறமா, ஒரு ரெண்டு வரி. நான் வேண்டாம்னு சொன்னேன்தான், யாரு இல்லைன்னா. அதான் பேப்பர் முடிஞ்சிருச்சே, அதான் இருபது நிமிஷம் கையில இருந்துச்சே. அவ சாப்பிட்டாளா இல்லையாங்கிறதையாச்சும்... ஒரு வரி கூடவாப்பா எழுதல?

பாருங்கக்கா இந்த மனுஷனை. சிரிச்சுக்கிட்டு நிக்கிறாரு. சொன்னா, சொன்னபடியேவா ஒருத்தரு கேக்குறது?